கொடி தூக்க அவசரமே இல்ல

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி. நீங்க எல்லாரும் கூடிய சீக்கிரம் ஃபுட்பால் மேட்ச்ல முதல் தடவையா கொடியோட டச்லைன்ல, அதாவது கிரவுண்டோட நீள ஓரக்கோட்டுல, நிக்கப் போறீங்க, ரூல் புக்க நான் இங்க முழுசா ஒப்பிக்கப் போறதில்ல, அத படிச்சு பரீட்சை எழுதிட்டு தான வந்திருக்கீங்க. புது அசிஸ்டென்ட் ரெஃப்ரி தப்பு பண்றது ரூல் தெரியாம ரொம்ப அபூர்வம். நிக்க வேண்டிய இடத்துல நிக்காம போறதும், பாத்து முடிக்கிறதுக்குள்ள கொடி மேல போயிடுறதும், இந்த ரெண்டுல தான் முக்கால்வாசி வரும். அதப் பத்தி மட்டும் பேசிட்டுப் போறேன்.

முதல்ல இடம். டிஃபென்ஸ் டீம்ல கோல் லைன்ல இருந்து எண்ணினா ரெண்டாவதா வர்ற ஆளு இருக்காரு பாருங்க, அவரு கூட நேர்க்கோட்டுல நீங்க இருக்கணும், பந்து அவரையும் தாண்டி கோல் லைன் பக்கம் போயிட்டா பந்து கூட இருக்கணும். இனிமே லைன்னு நான் சொல்றது இந்த நேர்க்கோட்ட தான். கேக்க ஈஸி. ஆனா வழக்கமா கீப்பர் தான் கடைசி ஆளா நிப்பாரு, அதனால நம்ம கண்ணு பழக்க தோஷத்துல கடைசி டிஃபெண்டர மட்டும் புடிச்சிக்கும். ஒரு கார்னர் வருது, கீப்பர் கூட்டத்துக்குள்ள பூந்து பந்த வெளிய குத்தி விடுறாரு, போஸ்ட்டுகிட்ட ஒரே ஒரு டிஃபெண்டர் நிக்கிறாரு, வெளிய போன பந்த ஒருத்தர் திருப்பி அடிக்க கீப்பருக்கும் மத்த எல்லா டிஃபெண்டருக்கும் பின்னாடி நிக்கிற அட்டாக்கர் அத தட்டி உள்ள போடுறாரு. போஸ்ட்டுல தான் ஆளு இருக்காரேன்னு எல்லாரும் கத்துவாங்க. அவரு ஒருத்தர் தான், கூட ஆடுறவரு பந்த அடிக்கிற நொடில அட்டாக்கருக்கு முன்னாடி கோல் லைன் பக்கமா எதிராளிங்க ரெண்டு பேரு வேணும், இல்லன்னா ஆஃப்சைட் தான் அது. கீப்பருக்குன்னு ஸ்பெஷல் கணக்கு கிடையாது, அவரும் ஒரு தலை அவ்ளோ தான்.

மத்த ஆஃப்சைட் விஷயம் எல்லாம் உங்களுக்கே தெரியும், சமமா நின்னா ஆஃப்சைட் இல்ல, அக்குள் மட்டத்துல இருந்து கீழ உள்ள கை கணக்குல வராது, சொந்தப் பாதில நின்னா இல்ல, கோல் கிக், த்ரோ-இன், கார்னர்ல இருந்து நேரா வாங்கினா இல்ல. தெரிஞ்சும் பதட்டத்துல த்ரோ-இன்னுக்கு கொடி தூக்குறவங்க இருக்காங்க, ரெஃப்ரி அங்க இருந்து ஒரு பார்வை பாப்பாரு, அப்புறம் அரைமணி நேரம் கை நடுங்கும்.

இப்ப கொஞ்சம் கணக்கு பாப்போம், இது எனக்கு ரொம்ப புடிச்ச இடம். அட்டாக்கர் கோல பாத்து செகண்டுக்கு 7 மீட்டர் வேகத்துல ஓடுறாருன்னு வெச்சிக்கோங்க, டிஃபெண்டர் அவர ஆஃப்சைட்ல மாட்ட வைக்கிற ட்ராப் போடறதுக்காக அதே வேகத்துல எதிர்ப்பக்கம் வெளிய வர்றாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி செகண்டுக்கு 14 மீட்டர் மாறுது, அதாவது 0.1 செகண்டுல 1.4 மீட்டர். பாஸ் அடிச்ச நொடில சமமா நின்ன ஆளு, நீங்க கண்ண திருப்பி பாக்கறதுக்குள்ள தெளிவா முன்னாடி நிக்கிற மாதிரி தெரிவாரு. பாஸ் அடிக்கிறவர பாத்துட்டு அப்புறம் லைன பாக்கறவங்க இப்படித் தான் நல்ல கோல எல்லாம் கெடுக்கறாங்க.

அதுக்காக சீனியருங்க சொல்ற வழி, கண்ண லைன்லயே வெச்சுட்டு பந்து அடிபடுற சத்தத்த காதுல புடிங்கறது. நல்ல வழி தான், கிட்ட இருந்து வர்ற பாஸுக்கு. ஆனா சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் தான் போகும், 34 மீட்டர் தள்ளி அடிச்ச பந்தோட சத்தம் உங்க காதுக்கு வர 0.1 செகண்ட் ஆயிடும், அந்த 0.1 செகண்ட்ல என்ன ஆகும்னு இப்ப தான பாத்தோம். அதனால தூரத்துல இருந்து லாங் பால் வரும்போது காத மட்டும் நம்பாதீங்க, அடிக்கிறவரு தலைய நிமிர்த்தி கால பின்னாடி இழுக்கும்போதே ஒரு பார்வை பாத்துட்டு கண்ண லைனுக்கு கொண்டு வந்துடுங்க. இது ஒரு நாள்ல வராது. பக்கத்துல எங்க மேட்ச் நடந்தாலும் கொடி இல்லாம சும்மா லைனுக்கு நேரா நின்னு பழகுங்க, பந்த பாக்காம முழு மேட்ச் பாக்கறது முதல்ல கிறுக்குத்தனமா இருக்கும், போகப் போக சரியாயிடும்.

நீங்க லைன விட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்னா கூட கோணம் மாறிடும், அதுவும் எதிர் டச்லைன் பக்கம் ஓடுற ஆள பாக்கும்போது ரொம்பவே மாறும். அதான் கால் வேலை முக்கியம். டிஃபெண்டர் மெதுவா நகர்ந்தா நீங்க கிரவுண்ட பாத்த மாதிரியே பக்கவாட்டுல நகருங்க, அவரு திரும்பி ஓட ஆரம்பிச்சா நீங்களும் ஓடுங்க, தலை மட்டும் கிரவுண்ட் பக்கம்.

சரி, பாத்தாச்சு, ஆஃப்சைட் பொசிஷன் தான். உடனே கொடியா? இல்லங்க. அந்த இடத்துல நிக்கறது குத்தம் இல்ல, அங்க இருந்து பந்த ஆடணும், இல்ல எதிராளிய தடுக்கணும், இல்ல போஸ்ட்லயோ கீப்பர் மேலயோ பட்டு வர்ற பந்துல ஆதாயம் எடுக்கணும். பந்து யார்கிட்ட போகுதுன்னு ரெண்டு செகண்ட் பாருங்க, பின்னாடி இருந்து சமமா வந்த வேற ஆளு எடுத்துட்டாருன்னா ஆட்டம் போகட்டும். கோச் கத்துவாரு, கத்தட்டும். லேட்டா தூக்கின சரியான கொடிய யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, சீக்கிரம் தூக்கின தப்பான கொடியால ஆட்டமே நின்னுடும். ஒரே ஒரு இடத்துல மட்டும் காத்திருக்க வேணாம், ஆஃப்சைட்ல இருக்கறவரு தனியா பந்துக்கு ஓடுறாரு, கீப்பரும் வர்றாரு, ரெண்டு பேரும் மோதப் போறாங்கன்னா அடி படறதுக்கு முன்னாடி தூக்கிடுங்க.

ஆஃப்சைட் கொடி வலது கையில நேரா மேல, விசில் வந்ததும், ஆஃப்சைட் நடந்தது தூரத்துப் பக்கம்னா 45 டிகிரி மேல, நடுவுலன்னா தரைக்கு இணையா, உங்க பக்கம்னா கீழ. த்ரோ-இன்ல பந்து முழுசா கோட்ட தாண்டிச்சான்னு தான் பாக்கணும், யாருக்குன்னு சந்தேகம்னா கொடிய மேல தூக்கிட்டு ரெஃப்ரி கண்ண பாருங்க, அவரு காட்டுற பக்கம் நீங்களும் காட்டுங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காட்டினா அசிங்கம்.

மேட்சுக்கு முன்னாடி ரெஃப்ரி உங்கள உக்கார வெச்சு பேசுவாரு, பேசலன்னா நீங்களே கேளுங்க, தயங்காதீங்க. ஃபவுலுக்கு எவ்ளோ தூரம் வரைக்கும் என் கொடி வேணும், பெனால்ட்டில கீப்பர் காலயும் நான் பாக்கணுமா கோல் லைன் மட்டுமா, த்ரோ-இன்ல கால யாரு பாக்கறது கைய யாரு பாக்கறது. ஃபவுல் விஷயத்துல என் அபிப்ராயம், ரெஃப்ரிக்கு மறைஞ்சிருக்கணும், உங்களுக்கு தெளிவா தெரிஞ்சிருக்கணும், ரெண்டும் சேந்தா தான் கொடி.

கோல் விழுந்தா, சந்தேகமே இல்லன்னா கொடிய கீழயே வெச்சுட்டு சென்டர் லைன் பக்கமா 25, 30 மீட்டர் ஓடுங்க, அது தான் சிக்னல். பந்து உள்ள போய் வெளிய வந்துடுச்சுன்னா முதல்ல கொடிய தூக்கி ரெஃப்ரிய கூப்பிட்டுட்டு அப்புறம் ஓடணும். 1966 உலகக்கோப்பை ஃபைனல்ல ஹர்ஸ்ட் அடிச்சது க்ராஸ்பார்ல பட்டு கீழ விழுந்துச்சு, ஸ்விட்சர்லாந்து ரெஃப்ரி டீன்ஸ்ட் நேரா லைன்ஸ்மேன் (அசிஸ்டென்ட் ரெஃப்ரிக்கு அப்ப அது தான் பேரு) பஹ்ராமோவ் கிட்ட போய் கேட்டாரு, கோல்னு முடிவாச்சு, இங்கிலாந்து 4-2ன்னு ஜெயிச்சது. அது உள்ள போச்சா இல்லயான்னு இன்னிக்கும் சண்டை போடறாங்க, ஆனா பஹ்ராமோவோட ஊரு, அஸர்பைஜான்ல இருக்கற பாக்கூல ஒரு ஸ்டேடியத்துக்கே அவரு பேரு இருக்கு. உங்களுக்கு ஸ்டேடியம் எல்லாம் கிடைக்காது, ரெஃப்ரி வந்து கேட்டா பாத்தத ரெண்டு வார்த்தைல சொல்லுங்க, போதும்.

தம்பி ஒருத்தர் கேக்கறாரு, நான் ஆஃப்சைட் கொடி தூக்கி நிக்கிறேன், ரெஃப்ரி பாக்கவே இல்ல, கோலும் விழுந்துடுச்சு, என்ன பண்றதுன்னு. நல்ல கேள்வி. டிஃபென்ஸ் டீம் கையில பந்து பத்திரமா போயிருந்தா கொடிய இறக்கிடலாம், கோல் விழுந்துட்டா இறக்கவே கூடாது. சென்டர் லைனுக்கு ஓடாம அங்கயே நில்லுங்க, ஓடாததே அவருக்கு ஒரு சேதி. எதிர்ப்பக்க அசிஸ்டென்ட் கொடிய பாத்தா அவரும் தூக்கி காட்டுவாரு, இதயும் முன்னாடியே பேசி வெச்சுக்கணும். கிக்-ஆஃப் எடுத்துட்டாங்கன்னா முடிவ மாத்த முடியாது, அதுக்குள்ள அவர எப்படியாவது உங்க பக்கம் திருப்பியாகணும். சரி, மத்த கேள்வி எல்லாம் கிரவுண்டுல வெச்சுக்கலாம், கொடி கொண்டு வந்தவங்க முதல்ல வாங்க.