துறைமுகம் தேடிய கடற்படைகள்

நேயர்களுக்கு வணக்கம். 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை, சதுரங்கப்பட்டினம் தொடங்கி இலங்கையின் கிழக்குக் கரை வரையிலான கடலில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் ஐந்து முறை மோதின. ஆங்கிலேயருக்கு எட்வர்ட் ஹியூஸும், பிரெஞ்சுக்காரருக்கு சுஃப்ரேனும் தலைமை தாங்கினர். இவ்விருவரின் போர்த்திறன் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், அந்தப் போரின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தவை நம் கரையின் அமைப்பும் பருவக்காற்றும்தான் என்பது என் உறுதியான கருத்து.

சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்கள் பருத்தித் துணி ஏற்றுமதியால் செழித்தவை. ஆயினும் பெரிய கப்பல் ஒதுங்கி நிற்க இயற்கைத் துறைமுகம் அவற்றுள் எதற்கும் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆட்களும் மசூலாப் படகுகளில்தான் கரை சேர்ந்தாக வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய அப்படகுகள், அலை மோதும்போது பிளந்துபோகாமல் வளைந்துகொடுக்கும். அவற்றைச் செலுத்திய நம் படகோட்டிகள் இல்லாமல் எந்தப் பேரரசும் இங்கே ஒரு மூட்டையைக்கூட இறக்கியிருக்க முடியாது; போர் வரலாறுகளில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்காதது பெருங்குறை.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வலுத்துவிட்டால் இந்தத் திறந்த கடலில் நிற்பதே ஆபத்து. ஹியூஸின் கப்பல்கள் பழுதுபார்க்கப் பம்பாய்க்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் பாதுகாப்பாக நிற்கக்கூடிய ஆழ்துறை இந்தப் பக்கத்தில் திருகோணமலை ஒன்றே. ஆகவேதான் 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதை டச்சுக்காரரிடமிருந்து பறித்தனர்.

சுஃப்ரேனின் நிலை இன்னும் மோசம். புதுச்சேரியை 1778-லேயே ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுக்காரர் இழந்திருந்தனர். 1782 ஏப்ரலில் அவர்கள் கைப்பற்றிய கடலூரும் திறந்த கரைதான். ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அருகே நடந்த போரில் பாய்மரங்கள் முறிந்த பெரிய கப்பல்களை, சிறிய கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பொருத்தித்தான் அவர் மீண்டும் கடலுக்கு அனுப்பினார். அந்தச் சமயத்தில் ஹைதர் அலியைக் கடலூரில் சந்தித்தவர், ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலைக் கோட்டைகளைக் கைப்பற்றினார். சில நாள் தாமதமாக வந்து சேர்ந்த ஹியூஸ், அங்கே பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். செப்டம்பர் 3-ஆம் தேதி போரிட்டும் துறைமுகத்தை மீட்க முடியவில்லை.

1783 ஜூன் 20-இல் கடலூருக்கு அருகே கடைசிப் போர் நடந்தது. ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. அச்செய்தி இங்கே வந்து சேராததால் மட்டுமே அன்று அத்தனை மாலுமிகள் மாண்டனர் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

உடன்படிக்கைகளின்படி திருகோணமலை மீண்டும் டச்சுக்காரருக்குப் போனது; நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கியது. ஆனால் ஆழ்துறையின் மதிப்பை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1795-இல் திருகோணமலையை மறுபடி கைப்பற்றிய அவர்கள், இலங்கை விடுதலை பெற்ற பின்னரும் 1957 வரை அங்கிருந்த கடற்படைத் தளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.