கொடுத்த கையா? படித்த பிள்ளையா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தது அதற்குக் கொடுத்து நடத்திய பெரியவர்களின் கையா, அங்கே படித்த பிள்ளையா என்பது கேள்வி. நான் பிள்ளைகள் பக்கம்.

எதிரணி அண்ணன் 597-இல் ரோமிலிருந்து கிறிஸ்தவத் துறவி அகஸ்டின் வந்து இறங்கியதில் தொடங்கி, பேராயர்களுக்கும் ராஜாக்களுக்கும் வரிசையாக மாலை போட்டார். போடட்டும். 669-இல் தார்சஸ் ஊர்க்காரர் தியோடர் அறுபது வயதைத் தாண்டிய பிறகு பேராயராக அங்கே போனார். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹேட்ரியன் அவருக்குத் துணை. வேதத்தோடு செய்யுள் இலக்கணமும் வானியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிடம் படித்தவர்கள் லத்தீனையும் கிரேக்கத்தையும் தாய்மொழி போலவே அறிந்திருந்தார்கள் என்று பழைய இங்கிலாந்து வரலாற்றாசிரியர் பீட் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பள்ளியின் பெருமைக்கு அவர் காட்டுகிற சாட்சி மாணவர்கள்தான். சரி, அது கிடக்கட்டும்.

அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ராஜா எட்டாம் ஹென்றி கஜானாவைத் திறக்காவிட்டால், இவர்கள் கொண்டாடுகிற நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ அப்பன் கடையில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்திருப்பான்" என்றார். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை நடுவர் அவர்களே.

முதலில், யார் கஜானா அது? 1538-இல் கேன்டர்பரி தேவாலயத்தில் புனிதர் தாமஸ் பெக்கட் சமாதியில் இருந்த பொன்னையும் மணியையும் வாரி எடுத்தவர் ஹென்றி. 1540-இல் அங்கிருந்த மடத்தையே கலைத்தார். அந்த மடத்துச் சொத்தில் ஒரு பங்கைத்தான் 1541-இல் தேவாலயத்துக்குத் திருப்பி விட்டார். பள்ளி நடந்தது அந்த வருமானத்தில். எடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தவரை வள்ளல் என்று எப்படி அண்ணே ஏற்றுக்கொள்வது?

இரண்டாவது, ஆணி அடிப்பவன் மகன் விஷயம். அண்ணன் சொன்ன இதே பேச்சை 1541-இலேயே, அதே ஊரில் பேசியிருக்கிறார்கள்! பள்ளியில் 50 இடம். உதவிக்கு ஆளில்லாத, படிப்பு ஏறுகிற ஏழைப் பிள்ளைகளுக்கு என்று விதி. ஆனால் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த பெரிய மனிதர்களில் சிலர் என்ன சொன்னார்கள்? உழுகிறவன் மகன் உழட்டும், கைத்தொழில் செய்கிறவன் மகன் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும், படிப்பெல்லாம் ஆளப் பிறந்த கனவான் வீட்டுப் பிள்ளைக்கு என்றார்கள்.

பேராயர் கிரான்மர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போகவில்லை, மழுப்பவில்லை. கடவுள் அறிவைக் கொடுக்கும்போது எந்த வீடு என்று பார்த்தா கொடுக்கிறார் என்று கேட்டார். கடவுளுடைய கையையே நீங்கள் கட்டிப்போடப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். செல்லமாக வளர்ந்த பிள்ளையைவிட ஏழைப் பிள்ளைதான் பல நேரம் கவனமாகப் படிக்கிறது என்றார். அதோடு விட்டாரா? கனவான்களே, இங்கே இருக்கிற நம் எல்லோருடைய வம்சமும் எளிய இடத்தில்தான் தொடங்கியது என்று முகத்துக்கு நேரே சொன்னார்! கடைசியில் அவர் சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள். கனவான் மகனுக்குப் படிப்பு ஏறினால் சேருங்கள். ஏறவில்லையா, ஏறுகிற ஏழைப் பையன் அந்த இடத்துக்கு வரட்டும்.

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். ஏறுகிற ஏழைப் பையன் அந்த இடத்துக்கு வரட்டும்!

இது நான் கட்டிய கதை இல்லை. கிரான்மரின் செயலாளர் ரால்ஃப் மோரிஸ் எழுதிவைத்தது. கதவைச் சாத்தப் பார்த்ததும் கொடுத்த கைகளில் சிலதான் என்பதை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, 1579 ஜனவரியில், அந்தக் கதவு வழியாக ஒரு பையன் நுழைகிறான். அப்பா ஜான் மார்லோ செருப்பு தைப்பவர். பதினைந்து வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். பையனுக்குப் பதினைந்து முடிய இன்னும் சில வாரம்தான். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜ். அப்புறம் லண்டன் நாடக மேடை. அதற்குச் சில ஆண்டு கழித்து இன்னொரு பையன் அதே பள்ளிக்கு வந்தான். அவன் பெயர் வில்லியம் ஹார்வி. இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் உலகத்துக்குச் சொன்னவர். நாடகத்தை ஹென்றியா எழுதினார்? இரத்த ஓட்டத்தைப் பேராயரா கண்டுபிடித்தார்?

நேரம் முடிகிறது என்று மணி அடிக்கிறது. ஒன்றே ஒன்று. மார்லோவுக்குத் தங்கைகள் இருந்தார்கள். அதே வீடு, அதே தோல் வாடை, அதே அப்பா அம்மா. மார்லோவுக்கு இருந்த மூளையில் கொஞ்சமாவது அந்தப் பெண் பிள்ளைகளுக்கும் இருந்திருக்காதா? அவர்களுக்காகப் பேச ஒரு கிரான்மர் வரவில்லை. 50 இடத்தில் ஒன்றுகூட ஒரு பெண் பிள்ளைக்கு இல்லை. அந்தத் தெருவில் பிறந்து, எழுத்துக்கூட்டவும் வழியில்லாமல், அடுப்படியிலேயே காலம் முடிந்துபோன குழந்தைகள் எத்தனை பேரோ. அவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது நடுவர் அவர்களே. படித்த பிள்ளைகளுக்காகப் பேசத்தான் வந்தேன். படிக்க விடாத பிள்ளைகளையும் சேர்த்தே கேட்கிறேன், தீர்ப்பைப் பிள்ளைகள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.