கொசு எங்கே முட்டையிடும் என்று எந்தச் சட்டம் சொல்லும்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம்.

"மனித சமுதாயத்தை அதிகம் மாற்றியது சட்டமும் போராட்டமும்தான், இயற்கையை ஆராய்ந்த அறிவு அல்ல" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்தார். போராட்டத்தை நானும் வணங்குகிறேன். 1941-இல் நம் மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்ட வேலைநிறுத்தத்தில் உயிர்விட்ட தொழிலாளர்களை நான் மறப்பேனா? ஆனால், போராடுவதற்கு அந்தத் தோட்டம் எங்கிருந்து வந்தது ஐயா?

1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில கன்றுகளை இதோ பக்கத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காத் தலைவர் ரிட்லி சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். கரும்புக்கும் காப்பிக்கும் முன்பே வந்தவர்கள் உண்டு; ஆனால் பால்மரம் வெட்டத்தான் நம் தாத்தா பாட்டிமார் கப்பல் கப்பலாக வந்தார்கள்.

"அவர்கள் பட்ட பாட்டையா மாற்றம் என்கிறீர்கள்?" என்று எதிரணி அம்மா கேட்டார். நல்ல மாற்றம் என்று நான் சொல்லவில்லை அம்மா. மாற்றியது எது என்பதுதானே தலைப்பு?

சரி, நல்லதையும் சொல்கிறேன். வந்தவர்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டார். அதை நம்பி, 1901-இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்தார். காய்ச்சல் இறங்கியது. மலைத் தோட்டங்களிலோ காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் ஏறியது! ஏன்? தாழ்நிலத்துக் கொசு நிழல் படிந்த சதுப்பில் முட்டையிடும். மலைக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடை வேண்டும். ஓடை ஓடையாகத் தேடி, கொசுப்புழுவைப் பிடித்துப் பார்த்து அறிந்த உண்மை இது. அப்புறம்தான் மலையோடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், தண்ணீரில் எண்ணெய் தெளித்தார்கள். லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகள், பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்த தலைமுறைதான் ஐயா சங்கம் வைத்தது, கூலி கேட்டது!

செம்பனைக்கும், அதாவது எண்ணெய்ப் பனைக்கும், வருகிறேன். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தூவுவது ஒரு காலத்தில் தோட்டத்து வேலை. 1981-இல் கேமரூன் நாட்டுச் சிறு வண்டு ஒன்றை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காய் நன்றாகப் பிடித்தது. அந்த வேலையே இல்லாமல் போனது. அதற்கு ஈடாக ஒரு சட்டத்தையோ ஒரு போராட்டத்தையோ எதிரணி காட்டட்டும். நன்றி, வணக்கம்.