அக்கி ஏன் ஒரு பக்கம் மட்டும் வருகிறது?

(பாம்பனில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, கடலுக்குப் போய்வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே,

என் அப்பாவுக்கு அக்கி வந்தது. முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி நெஞ்சு வரை, இடது பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம். பனியன் பட்டாலே துடிப்பார். குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வந்தோம்.

அது புதிதாக ஒட்டிய நோய் இல்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டதே, அதே வைரஸ். அம்மை இறங்கிய பிறகும் அது போகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொண்டது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அந்த நரம்பு ஓடும் பக்கம்தான் அக்கி.

இத்தனை வருஷம் உடம்பின் காவலான எதிர்ப்புச் சக்தி என்ன செய்தது? படகு கரையேறியதும் கூடையைத் திறந்து காட்டுகிறோம் இல்லையா, நண்டா கணவாயா என்று? நம் செல்களும் உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக வெளியே காட்டுகின்றன. டி செல் என்ற காவல் செல் சுற்றிவந்து பார்க்கும். அன்னியத் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். உறங்கும் வைரஸோ புரதமே செய்யாத குறையாகக் கிடக்கிறது. கூடையில் என்ன இருக்கும் காட்ட?

சைட்டோமெகலோ என்ற இன்னொரு வைரஸ் கூடையையே நொறுக்கிவிடும். சரி, கூடை காட்டாத படகைச் சந்தேகப்பட என்.கே. செல் என்று இன்னொரு காவல் உண்டு. அதை ஏமாற்ற இந்த வைரஸ் போலிக் கூடை ஒன்றையும் செய்து வைக்கிறது! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புற்றுநோயும் காவலை ஏமாற்றும், ஆனால் அது வைரஸ் இல்லை, நம் சொந்தச் செல். டி செல் நம்மையே தாக்கிவிடாதபடி அதன்மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. பல கட்டிகள் அதை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்தில் வந்த காவல் சும்மா நிற்கிறது. ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ குழு 1992-இல் பிடி-1ஐக் கண்டறிந்தது. அவருக்கும், இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-இல் நோபல் பரிசு. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. எல்லோருக்கும் கேட்பதில்லை, சிலருக்குத் தைராய்டும் குடலும் அடிபடுகின்றன.

அப்புறம், தாய்மார்களிடம் ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் மேல்தோலோடு நின்றுகொள்ளும், இரத்தத்தில் கலக்காது. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. காவலுக்குத் தகவல் எளிதில் போகாது. தடுப்பூசி முன்கூட்டியே அடையாளம் சொல்லிவைக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. பெண்பிள்ளை இருக்கும் அக்காமார்கள் கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள், தனியாகவே பேசலாம்.