தங்கைக்கு வந்த பந்து

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு படியேறி வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, என் பேச்சில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி முடித்துவிட்ட செயலாளர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் கண்மணிகளே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அந்தக் காசுக்கு இரண்டு பந்து வாங்கியிருக்கலாம். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்.

இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் தீப்தி சர்மாவைப் பற்றி, அவருடைய பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் மூன்றையும் பேசப் போகிறேன். ஃபீல்டிங்கில் தொடங்குகிறேன். அவர் கதை தொடங்கியதே அங்கேதான்.

ஆக்ராவில் அண்ணன் சுமித் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். கூடவே வந்த தங்கை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். பந்து ஒன்று அவள் பக்கம் வருகிறது. நம் பிள்ளைகள் என்றால் என்ன செய்வார்கள்? பாவாடையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பி ஓடி வருவார்கள். சிரிக்காதீர்கள், நானும் அப்படித்தான் கொடுத்தேன்! இந்தப் பெண் நின்ற இடத்திலிருந்தே வீசினாள். சுமார் 50 மீட்டர். பந்து நேரே போய் ஸ்டம்பைச் சாய்த்தது. இந்திய அணிக்கு ஆடிய ஹேமலதா கலா அங்கே இருந்தார். வீசியது யார் என்று விசாரித்தார். இவளை ஆட விடுங்கள் என்றார்.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். தெரியும்தான், முளை வயலில் இருந்தால். அன்றைக்கு அவளை வீட்டில் பாத்திரம் துலக்க விட்டுவிட்டு வந்திருந்தால் எந்தக் கலா கண்ணில் பட்டிருப்பாள்?

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2014இல் இந்திய அணி. 2017இல் அயர்லாந்துக்கு எதிராக 188 ஓட்டங்கள். பூனம் ராவுத்தோடு முதல் விக்கெட்டுக்கு 320. 2025 உலகக் கோப்பையில் 215 ஓட்டங்கள், 22 விக்கெட்டுகள். நவி மும்பை இறுதிப் போட்டியில் 58 ஓட்டங்கள் எடுத்து, தென்னாப்பிரிக்காவின் ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். நூறு அடித்து நின்ற தென்னாப்பிரிக்க கேப்டன் வோல்வார்ட் தூக்கியடித்த பந்து நம் அணியின் அமன்ஜோத் கையில் நழுவி, மறுபடி நழுவி, கடைசியில் ஒற்றைக் கையில் அடங்கியதே, அது தீப்தி போட்ட பந்து. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். வெடித்ததெல்லாம் பையன்கள்.

அங்கேதான் வருகிறேன். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்கிறோம். சாயங்காலம் நம் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், ஒரு பெண் முளை உண்டா? மணி அடித்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். நான் கேட்பது தினம் ஒரு மணி நேரம். அந்த நேரம் மைதானம் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு. கூடவே பூட்டாத கழிப்பறை ஒன்று. தலைவர் ஐயா தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நாளை மறுக்கக் கூடாது.

பந்துவீச்சைப் பற்றிப் பேசவேயில்லை. செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டிவிட்டார். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். அம்மாமார்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.