காய்ந்து கிடந்த கரையில் தண்ணீர் ஏறும்போது

வணக்கம் நண்பர்களே. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், ஒரு பள்ளத்தின், அதாவது ஓடையின், குறுக்கே போடப்பட்ட சிறிய மண் அணையின் கரைமேல் நின்று பேசுகிறேன். அணையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே குடியிருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு இன்றிரவே பாயைச் சுருட்ட வேண்டிய நிலை எதுவும் இல்லை. கரை ஏறத்தாழ 8 மீட்டர் உயரம், வயதில் எனக்கு மூத்தது. இடப்பக்கம் ஐப்பசி மழையில் வந்த செந்தண்ணீர், வலப்பக்கம் கிளுவை வேலி அடைத்த கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலம், அதற்கு அப்பால் இரண்டு தென்னந்தோப்புகள்.

அணை என்றவுடன் நமக்குப் பவானிசாகர்தான் நினைவுக்கு வரும். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அதுவும் மண் அணைதான்; 8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், அதன் நீர்மட்டம் நாளிதழில் வருகிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டமோ 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நான் நிற்கும் இந்தக் கரை அந்தக் கணக்கில் சேராது.

சிறிய மண் அணைக்கு நிறைந்து நிற்கும் ஆண்டுகளைவிடக் காய்ந்து கிடக்கும் ஆண்டுகளே அதிகக் கெடுதல் செய்கின்றன என்பது என் கருத்து. நம் பகுதி மழை மறைவுப் பிரதேசம். வெள்ளகோவில் பக்கம் வட்டமலைக்கரை ஓடை அணை எத்தனை ஆண்டுகள் வறண்டே கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இல்லாத கரையில் களிமண் சுருங்கி வெடிப்பு விடுகிறது, எலி வளை தோண்டுகிறது, கறையான் புற்று வைக்கிறது, சீமைக் கருவேலம் வேர் இறக்குகிறது. பிறகு ஒரே மழையில் பள்ளம் புரண்டு வந்து மூன்றே நாளில் அணை நிரம்பும்போது, தண்ணீர் அந்த வெடிப்பையும் வளையையும்தான் முதலில் தேடிப் போகிறது. அமெரிக்காவில் 93 மீட்டர் உயர டீட்டன் அணை, முதன்முறையாக நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, 1976 ஜூன் 5 அன்று காலையில் பெரிய கசிவு கண்டு நண்பகலுக்குள் உடைந்துபோனது. அதன் கட்டுமானக் குறைகள் வேறு. ஆனால் நீண்ட நாள் காய்ந்த பழைய கரைக்கும் ஒவ்வொரு நிரப்பும் முதல் நிரப்பு போலத்தான்.

கேமராவை இங்கே கொண்டுவருகிறேன். கரையின் வெளிச்சரிவில், பாதி உயரத்தில், தொடை பருமனுள்ள ஒரு வேலாமரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கரையைச் சுத்தம் செய்தவர்கள் மரத்தை வெட்டிக்கொண்டு, வேரை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். விரலால் கிள்ளினால் கட்டை தவிட்டைப் போல உதிர்கிறது. வேர் போன தடத்தில் இந்தக் கம்பியை விடுகிறேன், பாருங்கள்: தடையே இல்லாமல் முழங்கை அளவுக்கு உள்ளே போய்விட்டது. கீழ்த் தோட்டத்துப் பெரியவர் சற்று முன், "மரந்தானுங் தம்பி கரையைப் புடிச்சு நிறுத்தறது, அதைய வெட்டுனதே தப்புங்க" என்றார். மரியாதையோடு மறுத்தேன். மண்ணைப் பிடிப்பதற்குப் புல் போதும். பெரிய மரத்தின் வேர் செத்து மக்கினால் மிஞ்சுவது ஒரு குழாய். இருந்தாலும் அவர் சொன்னதில் பாதி சரிதான், ஏனெனில் வேரோடு தோண்டி எடுத்து, ஈரப்பதம் பார்த்து அரை அடி அரை அடியாக மண் போட்டு இடித்து நிரப்ப முடியாதென்றால், பாதி வேலையாக வெட்டுவதைவிட வெட்டாமல் இருப்பதே மேல்.

அடுத்தது கசிவு. கரையடியில் ஈரம் தெரிந்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். எவ்வளவு கசிகிறது, எந்த நிறத்தில் கசிகிறது என்பவைதான் கேள்வி. மதகுக்குக் கிழக்கே ஊறி வரும் நீரை ஓர் ஓட்டுத் துண்டு வைத்து ஒன்றுசேர்த்து, 10 லிட்டர் வாளியில் பிடித்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாளி நிறைய 52 விநாடி ஆனது, இன்று 41 விநாடி. அணையில் நீர் இரண்டடி ஏறியிருப்பதால் இந்த வேறுபாடு எனக்கு அச்சம் தரவில்லை. நீர்மட்டம் ஏறாமலேயே வாளி விரைவாக நிறையத் தொடங்கினால், அல்லது கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்த நீரின் அடியில் மண் படிந்தால், உள்ளே கரை அரிபடுகிறது என்று பொருள். சென்ற வாரத்து பாட்டில் இதோ, அடியில் ஒன்றும் இல்லை. கசிவு வாயைச் சாக்கு வைத்து அடைத்துவிடுவதுதான் ஊரில் வழக்கமாகச் செய்யும் தவறு. அடைத்த நீர் வேறு வழி தேடும். மேலே மணலும் அதன்மேல் சல்லியும் பரப்பினால் மண் தங்கும், தண்ணீர் மட்டும் வெளியேறும்.

அணை நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் போகாமலிருக்க யாரோ வலை கட்டி, அதில் முள்ளும் குப்பையும் இடுப்பளவு சேர்ந்திருக்கின்றன. 1979இல் குஜராத்தில் மச்சு அணையின் மண் கரைகள் வெள்ளம் மேலே வழிந்ததால்தான் கரைந்து, மோர்பி நகரம் அழிந்தது. மேலே வழியும் தண்ணீரை எந்த மண் கரையும் தாங்காது.

வலையை நானும் பெரியவரும் இன்று அறுத்துவிட்டோம்; மீன் போய்விடும் என்று அவருக்கு வருத்தம். அடிக்கட்டை இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டி, படத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாளியைப் பெரியவரின் களத்தில் வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு மறுபடி பிடிப்பேன்.