அறைக்கு ஏற்ற லென்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். புதிதாகக் கேமரா வாங்கியவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் யோசனை, "அடுத்து ஒரு 50 எம்.எம். லென்ஸ் வாங்கிவிடுங்கள்" என்பது. (இந்த எண் கூடக் கூட லென்ஸின் பார்வை குறுகும்.) விலை குறைவு, படம் கூர்மை, பின்னணி அழகாக மங்கும். மூன்றும் உண்மை. ஆனால் அது பிலிம் காலத்து யோசனை. அன்று படம் விழுந்த இடம் 36-க்கு 24 மில்லிமீட்டர். இன்று பலர் கையில் இருப்பது கிராப் சென்சார் கேமரா, அதாவது படம் பதியும் சென்சார் பிலிமைவிடச் சிறியது. அதில் அந்த இடம் சுமார் 23.5-க்கு 15.6தான், கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. லென்ஸ் மாறவில்லை, 50 என்றால் 50தான். அது காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் சென்சார் எடுத்துக்கொள்கிறது. அதனால் பார்வை 75 எம்.எம். அளவுக்குக் குறுகிவிடுகிறது.

நாலடி பின்னால் போனால் போயிற்று என்பார்கள். எங்கே போவது? என்னிடம் படம் எடுக்கப் பழகும் பெண் ஒருத்தி, அக்காவின் வளைகாப்புக்கு 50-ஐ மட்டும் மாட்டிக்கொண்டு போனாள். நம் வீட்டுக் கூடம் தெரியுமல்லவா? முதுகு பீரோவில் இடிக்கிறது. இரண்டரை மீட்டர் தள்ளி நின்றால் அகலவாக்கில் 1.2 மீட்டர்கூட விழவில்லை. அக்காவின் முகம் வந்தது, வளையல் வந்தது. வளையல் போட்டுவிடும் அத்தை பாதி, சாதத் தட்டுகள் ஒன்றுமே இல்லை. வாசற்படிக்குப் போனாள், குறுக்கே ஆட்கள். கேமராவோடு வந்த, 18 முதல் 55 எம்.எம். வரை திருப்பி மாற்றக்கூடிய 18-55 லென்ஸுக்கு மாறினாள். எல்லோரும் அடங்கினார்கள், ஆனால் டியூப்லைட் வெளிச்சம் போதாமல் வளையல் போடும் கைகள் கலங்கிவிட்டன.

அங்கே கைகொடுத்திருக்கக்கூடியது 35 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். அதே இரண்டரை மீட்டரில் ஏறக்குறைய 1.7 மீட்டர் அகலம் அடங்கும். 18-55 லென்ஸை 35-இல் வைத்தால் பெரும்பாலும் எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மறுபடியும் சொல்கிறேன்: வீட்டுக்குள் எடுப்பவருக்கு முதலில் 35, பிறகுதான் 50. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் 18-55 லென்ஸின் வளையத்தை 35-இல் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க அதைத் திருப்பாமல் எடுத்துப் பாருங்கள். மறுநாள் 50-இல். எது போதவில்லை என்று உங்கள் கூடமே சொல்லிவிடும். முகத்தை மட்டும் எடுப்பவருக்கு 50 அருமையான லென்ஸ், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. பறவைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு இதே குறுகல் லாபம்: 300 எம்.எம். லென்ஸ் அங்கே 450-இன் பார்வையைத் தரும். கடைசியாக, பழைய லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு: நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத லென்ஸை அவற்றில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.